மூன்றாம் தரம்

கில்பர்ட்டின் உயிருக்கு இருபத்திரண்டு டன் பதினாறு கிலோ கரும்பு என்று விலை சொன்னான் இருசப்பன். அந்தப் பதினாறு கிலோவையாவது தள்ளச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியதற்காகப் பலராமன் பிற்பாடு வெட்கப்பட்டார். ஆனால் தோன்றியது தோன்றியதுதான். வில்லியனூர் கடைத்தெருவில் அரிசி மண்டிக்காரர் மகனாகப் பிறந்தவர். எந்த விலையைக் கேட்டாலும் முதலில் பாதியாக்கிப் பார்க்கிற நாக்கு அது.

எண்பத்தெட்டாம் வருஷம், பொங்கல் முடிந்த மறுவாரம், காலை ஏழு மணி. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இருந்த தன் ஷெட்டில் டெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

"இன்னா மொதலாளி, கேக்குதா?"

"கேக்குதுபா, சொல்லு."

"நான் பேசறத கேக்கல. உன் ஆளு கத்தறது கேக்குதா?"

கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் அம்மா என்ற சத்தம். அப்புறம் மறுபடி துணி.

பலராமன் செய்து விற்றது எடைமேடைக்கான கம்ப்யூட்டர். லாரி மேடை மேல் ஏறி நின்றால் எடை காட்டும்; சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்து நின்றால் அந்த எடையைக் கழித்து, மிச்சத்தைச் சீட்டில் அடித்துக் கொடுக்கும். பாகூருக்கு மேற்கே ஒரு தனியார் சர்க்கரை ஆலைக்கு இந்தப் பருவத்தில் ஒன்று விற்றிருந்தார். அதைப் பொருத்திப் பராமரிப்பவன் கில்பர்ட். அதற்கான ப்ரோக்ராமை எழுதுகிறவள் அவன் பெண்டாட்டி ஆரோக்கிய செல்வி. இரண்டு பேருக்கும் ஒரே ஷெட், ஒரே முதலாளி, ஒரே சாப்பாட்டுத் தூக்கு.

இருசப்பன் கரும்பு போடுகிறவன். ஆலைச் சீட்டில் சந்தேகம் வந்து, மூன்று லாரியை வழியிலிருந்த கல்குவாரி மேடையில் முன்கூட்டியே எடை போட்டுவிட்டுக் கொண்டுபோனான். மூன்றிலும் இருநூற்று ஐம்பத்தாறு கிலோ குறைந்தது. ஐம்பத்தைந்தும் இல்லை, ஐம்பத்தேழும் இல்லை. திருடன்கூட நாளுக்கொரு அளவில்தான் திருடுவான்; இது சம்பளம் வாங்குகிற மாதிரி திருடுகிறதே என்று ஊரைக் கூட்டினான். எண்பத்தாறு லாரிக்குக் கணக்குப் போட்டார்கள்; இருபத்திரண்டு டன் பதினாறு கிலோ வந்தது. விடிந்ததும் நானூறு பேர் கரும்புக் கத்தியோடு ஆலைக்குள் புகுந்தார்கள். எடை குமாஸ்தா கண்ணையனைக் கடப்பாரையால் அடித்ததில் தோளெலும்பு முறிந்தது. முந்தின ராத்திரி பார்த்து சர்வீசுக்குப் போய் அங்கேயே தங்கியிருந்த கில்பர்ட்டை எடைமேடை அறையின் ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டார்கள். ஒன்பது மணிக்கு வந்த போலீஸ் வேன் கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஆள் கூட்டிவருவதாகச் சொல்லித் திரும்பிப் போனது. அந்த ஆள் அன்று முழுக்க வரவில்லை.

"நாலு மணி," என்றான் இருசப்பன் அந்த ஏழு மணி போனில். "போன கரும்ப ஆலைக்காரன் எழுதிக் குடுக்கணும். அத்த நாங்க பாத்துக்கறோம். ஒழுங்கா கழிக்கற மிஷின நீ குடுக்கணும். நாலு மணிக்கு ஒரு லாரி ஏத்துவேன். ஒரு கிலோ குறைஞ்சிதுன்னா இவன அதே மேடையில வெச்சு வெட்டுவேன்."

ஆலைக்காரர் பத்து மணிக்கே கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டார். சாறு காய்ச்சும் கொப்பரை ஆறினால் அவருக்கு நஷ்டம் அதைவிடப் பெரிது. மிச்சமிருந்தது மிஷின் மட்டும்.

அந்தப் போனை வைத்துவிட்டுப் பலராமன் திரும்பினார். செல்வி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பத்து நாளா சொன்னேன்," என்றாள்.

சொன்னாள்தான். மனுஷி எழுதுகிற ப்ரோக்ராமை மிஷினுக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருவது கம்பைலர் என்று இன்னொரு ப்ரோக்ராம். பலராமன் அதைத் தரகர் என்று புரிந்துவைத்திருந்தார். இரண்டு பக்கமும் பாஷை தெரிந்தவன், நடுவில் நிற்பவன். அந்தத் தரகர் கழித்தலில் கைவைத்தார். பதினாறு டன் முந்நூற்று எண்பத்து நாலு கிலோவைத் தாண்டிய எண்ணிலிருந்து கழிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கிக் கழிப்போமே, அந்தக் கடனை இரண்டு முறை பிடித்துக்கொண்டார். விற்பதற்கு முன் சோதித்தபோது, சட்டம் ஒரு லாரிக்கு அனுமதிக்கிற பதினாறு டன்னோடு சோதனையை நிறுத்தியிருந்தார்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எந்தக் கரும்பு லாரி சட்டப்படி ஓடுகிறது என்று ஒருத்தருக்கும் யோசனை போகவில்லை.

புதிய கம்பைலர் ஒன்று, இன்னும் கட்டப்படாமல் எழுதின வடிவிலேயே, டேப்பில் வந்து அலமாரியில் கிடந்தது. அமெரிக்காவில் யாரோ சும்மாவே கொடுக்கிறார்களாம். சும்மா கொடுப்பதாலேயே பலராமனுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. "ஒரு நாள் மிஷின என்கிட்ட வுடுங்க, புது கம்பைலர கட்டிடறேன்," என்று செல்வி கேட்டபோது, "பில்லு வேலை நிக்குதும்மா, பொங்கல் போவட்டும்" என்றார். பொங்கல் போய்விட்டது.

"இப்ப கட்டு. எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆறு மணி நேரம். மூணு தரம் வரும். மூணாவது வந்தாதான் ஆச்சு."

மூன்று தரம் வரும் என்பது மண்டிக்காரருக்கு நன்றாகப் புரிந்தது. நெல்லை அரைத்தால் முதல் தரம், இரண்டாம் தரம், கடைசியில் குருணை. எந்தத் தொழிலிலும் அப்படித்தானே. தலையாட்டிவிட்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மணிக்கொரு தரம் போன் வந்தது. எட்டரைக்குக் கில்பர்ட்டின் வலது முட்டியில் கரும்புக் கட்டை இறங்குவதைக் கேட்டார். பத்தரைக்கு, "ரெண்டு பல்லு போச்சு மொதலாளி, அவகிட்ட சொல்லாதீங்க" என்றான் கில்பர்ட்; பல்லில்லாத வாயில் 'சொ' என்ற எழுத்து காற்றாகப் போனது. செல்வி நாலடி தள்ளித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காததுபோல ஒரு சாவியைத் தட்டினாள். பன்னிரண்டரை மணி போனில் கில்பர்ட் பேசவில்லை. "மயக்கம் போட்டான். தண்ணி ஊத்தி எழுப்பி அப்பறம் அடிக்கறோம், கவலப்படாத," என்றான் இருசப்பன்.

"யோவ், அவன் இன்னாய்யா பண்ணான்? சம்பளத்துக்கு வர்றவன்!"

"என் கரும்பு இன்னாய்யா பண்ணுச்சி?"

போனை வைத்துவிட்டான்.

ஒன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. செல்வி கட்டிய கம்பைலர்களை எட்டெட்டு ப்ளாப்பியாக மூன்று அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி எழுதினாள். மூன்றாவது பெட்டியைப் பையில் போட்டுக் கயிறு கட்டினாள். மற்ற இரண்டையும் அலமாரியில் வைத்தாள். ஆறு மணி நேரம் எழுந்திருக்காதவள், முகம் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

பலராமன் பைக்குள் பார்த்தார். 'மூன்றாம் தரம்' என்று இருந்தது. அலமாரியைப் பார்த்தார். 'முதல் தரம்', 'இரண்டாம் தரம்'.

அவருக்கு முதலில் வந்தது மரியாதை. அடி செல்வி! புருஷன் உயிர் ஊசலாடும்போதுகூட நல்ல சரக்கை அலமாரியில் வைத்துவிட்டுக் கழிசடையைக் கட்டி அனுப்பத் தெரிகிறதே. ஆஸ்டலுக்கு அரிசி கொடுத்த நாளில் அவர் செய்யாத வேலையா? அப்புறம் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கில்பர்ட் ஞாபகத்துக்கு வந்தான். இன்றைக்கு அந்தத் தொழில் வேண்டாம் என்று முடிவு செய்தார். கயிற்றை அவிழ்த்தார், மூன்றாம் தரத்தை எடுத்து மேசையில் வைத்தார், அலமாரியிலிருந்து முதல் தரத்தைப் பைக்குள் போட்டார். ஐம்பத்திரண்டு வயதில், கேட்காதவனுக்கு முதல் தரத்தை எடுத்துக் கொடுத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெண்பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போகவும் மனசில்லை. அவள் முகம் கழுவி வருவதற்குள் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.

ஆலை வாசலில் எரிந்த டயர் நாற்றம். மேடை அறையில் ஒரு கண்ணாடியும் மிச்சமில்லை. கண்ணையன் சாக்கின் மேல் படுத்து முனகிக்கொண்டிருந்தான். கில்பர்ட்டைப் பலராமனுக்குச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டை அவிழ்த்ததும் முட்டி தாங்காமல் அப்படியே சரிந்தான். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள்.

"போடுறா," என்றான் இருசப்பன். குள்ளமான ஆள். கை மட்டும் இன்னொருத்தரிடமிருந்து இரவல் வாங்கினதுபோல நீளம்.

கில்பர்ட் பெட்டியை எடுத்தான். மூடாத ஒரு கண்ணால் அந்தக் காகிதத்தைப் பார்த்தான்.

"மொதலாளி… இது மொத தரம்."

"ஆமாம்பா. மொத தரந்தான். நானே பாத்து எடுத்தேன்."

"அய்யோ, இது வாணாம். மூணாந்தரம் எங்க? மூணாந்தரத்த எடுத்தாங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் இருசப்பன் கில்பர்ட்டின் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான்.

"மொத தரம் வாணாமாம்! நமக்கு மூணாந்தரந்தான் போடுவாராம்! மொதலாளியே நல்ல சரக்கு குடுத்தாலும் இவனுக்கு மனசு வரல பாரு!"

"இல்லண்ணா… நான் சொல்றத…"

மறுபடி மோதினான். புருவம் கிழிந்து விசைப்பலகை மேல் ரத்தம் சொட்டியது. பலராமனே ஒரு குழப்பத்தில், "போடுப்பா கில்பர்ட்டு, அடம் புடிக்காத" என்றார். அந்த வார்த்தையைத்தான் அவர் அப்புறம் வெகுநாள் மெல்ல வேண்டியிருந்தது.

கில்பர்ட் போட்டான். அதை வைத்து எடை ப்ரோக்ராமை மறுபடி மாற்ற அரைமணி நேரம் பிடித்தது. மூன்றரைக்கு ஒரு லாரி மேடையேறியது. பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. இறக்கிவிட்டுக் காலியாக வந்தது. ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. இருசப்பன் கரித்துண்டால் சுவரில் எழுதிக் கழித்தான்: பத்தாயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டு. சீட்டு வந்தது: பத்தாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

அதே இருநூற்று ஐம்பத்தாறு.

பலராமனுக்கு அடுத்த சில நிமிஷங்கள் வரிசையாக ஞாபகமில்லை. யாரோ கரும்பால் பிடரியில் அடித்தார்கள். கரும்பு உடைந்து சாறு முதுகில் வழிந்தது. மூக்குக்கண்ணாடியை மிதித்தார்கள். கேட்டுக்கு வெளியே ஜீப்பைக் கவிழ்த்துப் பெட்ரோல் டாங்கில் தீ வைத்தார்கள். "நான் நல்லதுதான் எடுத்தாந்தேன்" என்று கத்தினார்; வாயிலேயே ஒன்று விழுந்தது. கில்பர்ட்டை மேடைக்கு இழுத்துப்போய், இரும்புத் தகட்டில் முழங்காலிட வைத்து, வலது கையை விரித்துப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் ஒருத்தி காசம்மாள். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வெட்டில்லாத நாளில் பனித்திட்டு மீனவர் குப்பத்தில் மீன் ஏலம் எடுத்து ஊர் ஊராக, செல்வியின் தெருவிலும், விற்பவள்.

"இந்தக் கைதானே பட்டன் அமுக்குச்சி?" என்றான் இருசப்பன்.

கத்தி இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தகட்டில் துள்ளி விழுந்தன. கில்பர்ட்டிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வரிசையில் நின்ற வண்டிமாடுகள் நுகத்தை இழுத்துக்கொண்டு பின்வாங்கின. இருசப்பன் கத்தியை லுங்கியில் துடைத்தான். இரண்டாவது வெட்டு கைக்கு இல்லை என்பது அவன் நின்ற தோரணையில் தெரிந்தது.

அப்போதுதான் மொபெட் வந்தது. வாட்ச்மேனுடைய டி.வி.எஸ். சேதராப்பட்டிலிருந்து ஊசுட்டேரிக் கரை, வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம் என்று ஒரே மூச்சில் அதை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள் செல்வி. நிறுத்தவில்லை. கூட்டத்துக்குள் அப்படியே விட்டாள். இரண்டு பேர் விழுந்தார்கள், வண்டி விழுந்தது, அவளும் விழுந்தாள். முந்தானையால் வயிற்றோடு கட்டியிருந்த பெட்டி மட்டும் விழவில்லை.

யாரோ ஒருத்தன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டான். "மூணாந்தரம்னு எழுதி எடுத்தாந்துகிறாடா!"

கூட்டம் அவள்மேல் பாய்ந்தது. ரவிக்கை தோளில் கிழிந்தது. கூந்தலைப் பிடித்து ஒருத்தன் சுழற்றினான். அவள் அவன் கையைக் கடித்தாள். துணியைக் கடிப்பதுபோல இல்லை, எலும்பு வரை கடித்தாள். அவன் விட்டதும் தகட்டில் தவழ்ந்துபோய்க் காசம்மாள் முன்னால் நின்றாள்.

"அக்கா, பனித்திட்டுல மீனு ஏலம் எடுக்கற ஆளுதானே நீ? எத்தினி தரம் கூவுவாங்க?"

காசம்மாள் விழித்தாள். "மூணு தரம்."

"ஒரு தரம்னு கூவுனவொடனே கூடையத் தூக்கினு போவியா?"

"தூக்குனா கைய ஒடிச்சிடுவானுங்க."

"அதாங்க்கா! அத்தத்தான் இந்த மனுஷன் தூக்கினு வந்துட்டாரு!" பலராமனைக் காட்டினாள். "மொத தரம் பழைய கம்பைலரு கட்டுனது. திருடன் கட்டுன வூடு, செவுத்துலயே ஓட்டை இருக்கும். அத்த வெச்சு ரெண்டாந்தரம் கட்டணும். ரெண்டாவத வெச்சு மூணாந்தரம். ரெண்டும் மூணும் ஒரு எழுத்து மாறாம ஒத்துப்போனாதான் ஏலம் முடிஞ்சிது, சரக்கு நம்புளுது. எங்கப்பா மாதா கோயில்ல காணிக்கைக் கோழிய இப்பிடித்தான் ஏலம் வுடுவாரு. நானும் இப்பிடித்தான் எண்ணுவேன். இது மட்டச் சரக்கு இல்ல. மூணாந்தடவ சரக்கு!"

பலராமன் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். தரம், தரம் என்று காலையிலிருந்து கேட்டது அவர் காதில் தவறான கடையில் போய் இறங்கியிருந்தது.

காசம்மாள் கில்பர்ட்டின் கையை விட்டாள். விட்டதோடு நிற்காமல் தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றி இறுக்கினாள். இருசப்பனைப் பார்த்து, "அவ சொல்றது நாயம். போடட்டும்டா," என்றாள்.

"இதுவும் தப்பாச்சின்னா?"

"அப்ப எங்க ரெண்டு பேரையும் வெட்டு," என்றாள் செல்வி. "இப்ப வழிய வுடு."

விசைப்பலகையில் காய்ந்திருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். சில சாவிகள் ஒட்டிக்கொண்டன. நகத்தால் நெம்பி நெம்பி அடித்தாள். வெளியே கில்பர்ட் தகட்டோரம் சாய்ந்து கிடந்தான். துண்டு நனைந்து சொட்ட ஆரம்பித்தது. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி புதுச்சேரியில். ஜீப் எரிந்துகொண்டிருந்தது. மற்ற வண்டியெல்லாம் கரும்போடு வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றது.

நாலேகாலுக்கு இருசப்பன் தன் சொந்த லாரியை மேடையேற்றினான். பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு. கிரேன் கரும்புக்கட்டை அள்ளி இறக்கியது. காலி லாரி வெளியே போக வழி மறுபடி மேடை மேலேதான். செல்வி பலராமனிடம், "லாரி காலியா வந்து நின்னதும் இந்தச் சாவிய அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க," என்றாள். பிறகு ஓடிப்போய், காசம்மாளோடு சேர்ந்து கில்பர்ட்டைத் தூக்கி அந்த லாரியின் பின்பக்கம் கிடத்தி, தானும் ஏறிக்கொண்டாள்.

"டிரைவரண்ணா, ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க."

லாரி மேடைக்கு வந்தது. இருசப்பன் குறுக்கே கை நீட்டினான்.

"எறங்குங்க. காலி வண்டின்னா காலியா நிக்கணும். உங்க ரெண்டு பேரு எடையும் என் கரும்புல இல்ல கழியும்?"

"கழியட்டும்," என்றாள் செல்வி. கில்பர்ட்டின் தலை அவள் மடியில் இருந்தது. "இவர எறக்கி ஏத்தறதுக்குள்ள செத்துடுவாரு. நீ வெட்டுனது. உன் கரும்புலதான் கழியணும்."

இருசப்பன் வாயைத் திறந்தான். காசம்மாள் அவனைப் பார்த்தாள். நானூறு பேரில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். அவன் கையை இறக்கினான்.

பலராமன் கண்ணாடியில்லாமல் தடவிப் பார்த்துச் சாவியை அழுத்தினார். திரையில் ஆறாயிரத்து நானூற்றுப் பதினாலு என்று நின்றது. மேடைத் தகட்டில் லாரியின் டயருக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு விரல்களும் இன்னும் கிடந்தன. அந்த மிஷின் இரண்டு கிலோவுக்குக் கீழே எதையும் கணக்கில் எடுப்பதில்லை. லாரி இறங்கி, உறுமி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

சீட்டு வந்தது: பதினோராயிரத்து இருநூற்று இருபத்தெட்டு. இருசப்பன் பிடுங்கிக்கொண்டு சுவருக்குப் போனான். கரித்துண்டால் கழித்துப் பார்த்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை எழுதும்போது கரி நொறுங்கியது. ஒரு கிலோ பிசகில்லை. ஆனால் அவன் லாரியின் காலி எடை, ஆறாயிரத்து முந்நூற்றுப் பத்து, அவனுக்கு மனப்பாடம்.

"நூத்தி நாலு கிலோ எனக்குக் குறையுது," என்றான். குரலில் காலையில் இருந்த தெம்பு இல்லை. பழக்கத்தில் கேட்டான்.

"எழுதிடுவோம்," என்றார் பலராமன். கீழே விழுந்த கரித்துண்டைப் பொறுக்கி, இடது கையால் வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் சுவர் வருகிற அளவுக்குக் குனிந்து, மண்டியில் பேரேடு எழுதிய அதே கையெழுத்தில் எழுதினார்.

லாரி கரும்போடு, 17,642.
காலி லாரி, 6,310.
கில்பர்ட்டும் செல்வியும், 104.
கரும்பு, 11,228.
இருசப்பனுக்கு நான் தரவேண்டியது, கரும்பு 104 கிலோ.
இருசப்பன் தரவேண்டியது, விரல் 2.